தொகையில் தொக்கி நிற்பவை

வீட்டுக்கு மரத்தரை போட நினைப்பவர் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பது. குருகிராமிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கேள்வி இதுவே. மொழி மட்டும் மாறும். விற்பவர் ஓர் எண்ணைச் சொல்கிறார். அந்த எண்ணைச் சுற்றிப் பேரம் நடக்கிறது, பத்து ரூபாய் குறைகிறது, முன்பணம் கைமாறுகிறது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

தமிழில் 'தொகை' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வணிகத்தில் அது கூட்டிக் கண்ட பணம். இலக்கணத்தில் அது உருபு மறைந்து நிற்கும் தொடர். 'பொற்குடம்' என்பது பொன்னால் ஆகிய குடம். 'ஆல்' என்னும் உருபும் 'ஆகிய' என்னும் பயனும் அதில் தொக்கி நிற்கின்றன. 'மலர்க்கண்' என்பது மலர் போன்ற கண். அதில் தொக்கி நிற்பது உவம உருபு. கேட்பவர் தாமே விரித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் மொழி தொகையை அனுமதிக்கிறது. மரத்தரையின் விலை இந்த இரு பொருளிலும் தொகை. ஆனால் வாங்குபவரால் விரித்துக்கொள்ள இயலாதபடி கட்டப்பட்ட தொகை. எந்தப் பொருள், எந்த நிலத்து மரம், யாருடைய உழைப்பு என்ற மூன்றும் அதில் மறைந்திருக்கின்றன. இம்மூன்றையும் விழுங்கிய ஓர் எண்ணை விலை என்று ஏற்றுக்கொள்வது கவனக்குறைவு என்று மன்னிக்கத்தக்கதன்று. சொல்லுக்குப் பொருள் தேடுவதையே தொழிலாகக் கொண்ட கல்விப்புலத்தார் அதை ஏற்கும்போது அது மறைப்புக்குத் துணைபோவதாகும்.

முதலில் பணக் கணக்கையே பார்க்கலாம். எண்கள் கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் வடிவம் மாறாது. 12 அடிக்கு 15 அடி அறை ஒன்று; பரப்பு 180 சதுர அடி. கடையில் சொன்ன விலை சதுர அடிக்கு 400 ரூபாய் என்று கொள்வோர் மனத்தில் 72,000 ரூபாய் என்று கணக்கிடுகின்றனர். ஆனால் பலகையை வெட்டும்போது சேதாரம் உண்டு, 10 சதவீதம் கூட்டினால் 198 சதுர அடி வாங்க வேண்டும், 79,200 ரூபாய். அடியில் விரிக்கும் நுரைவிரிப்புக்குச் சதுர அடிக்கு 20 ரூபாய் வீதம் 3,600. போடும் கூலி சதுர அடிக்கு 50 வீதம் 9,000. சுவரோரச் சட்டம், கதவின் அகலம் போக 51 அடிக்கு, அடிக்கு 100 வீதம் 5,100. கதவடி இழைத்தல், வாசல் இணைப்புப் பட்டை, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 5,000. கூட்டினால் 1,01,900. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 18,342. ஆக மொத்தம் 1,20,242 ரூபாய். அறையின் பரப்பால் வகுத்தால் சதுர அடிக்கு 668 ரூபாய். நானூறு என்று சொல்லப்பட்ட விலை வீட்டுக்குள் வந்து படுக்கும்போது அறுநூற்று அறுபத்தெட்டாகிறது. ஒவ்வோர் இனமும் தனித்தனியே நியாயமானதாகவே தோன்றும். சொல்லப்பட்ட எண்ணில் அவை எவையும் இல்லை என்பதுதான் குறை.

இது வாங்குபவரின் பைக்கு நேரும் இழப்பு மட்டுமாக இருந்திருந்தால், நுகர்வோர் பத்தி ஒன்றோடு முடிந்துவிடும். தொக்கி நிற்கும் மற்றவை இதைவிடக் கனமானவை.

முதலாவது, பொருள். 'மரத்தரை' என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, 18 அல்லது 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள முழுமரப் பலகை. இரண்டு, ஒட்டுப்பலகையின்மேல் மெல்லிய உண்மை மரத்தகடு ஒட்டப்பட்ட 'எஞ்சினியர்டு' பலகை. மூன்று, அழுத்திய மரநார்ப் பலகையின்மேல் மரத்தின் நிழற்படம் அச்சிட்ட தாளை ஒட்டி, அதன்மேல் மெலமைன் பூச்சிட்ட லேமினேட். நான்கு, சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்த பலகைமேல் அதே நிழற்படம். முதலிரண்டும் மரத்தால் ஆகிய தரை. பின்னிரண்டும் மரம் போன்ற தரை. முன்னவை வேற்றுமைத்தொகை, பின்னவை உவமைத்தொகை. 'பொற்குடம்' கேட்டவரிடம் 'மலர்க்கண்' இலக்கணத்தில் சரக்கைக் கொடுக்கும் தந்திரம் இது. உருபு மறைந்திருப்பதால் விற்பவர் சொன்னதைப் பொய் என்று நிறுவவும் இயலாது.

'ஹார்ட்வுட்' என்ற ஆங்கிலச் சொல் வந்து குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறது. தாவரவியலில் அது பூக்கும் மரங்களின் கட்டையைக் குறிக்கும் பெயர். கடினத்தை அளந்து இட்ட பெயரன்று. விரல்நகத்தால் கீறத்தக்க பால்சா மரமும் அந்த வகைப்பாட்டில் ஹார்ட்வுட்தான். இமாச்சலத்தின் பழைய காத்-குனி வீடுகளைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி நிற்கும் தேவதாரு, ஊசியிலை மரமாதலால், 'சாப்ட்வுட்'. உண்மையில் கடினத்தை அளக்க ஜாங்கா சோதனை என்று ஒன்று உண்டு. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை அதன் பாதி விட்டம் அளவுக்கு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதே அந்த அளவு. கடையில் தொங்கும் விலைப்பட்டியலில் அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பவர் ஏமாற்றமே அடைவார்.

தொல்காப்பியத்தின் மரபியல் இந்த விலைப்பட்டியலைவிடத் தெளிவாக இருக்கிறது. உள்ளே வைரம் உடையது மரம், புறத்தே வைரம் உடையது புல் என்பது அதன் பாகுபாடு. மூங்கில் ஏன் மரம் ஆகாது என்பதற்கு அங்கே விடை உண்டு. லேமினேட் பலகையின் வலிமை முழுவதும் அலுமினியம் ஆக்சைடு கலந்த மேற்பூச்சில் இருக்கிறது. உள்ளே இருப்பது நீர் பட்டால் உப்பும் நார். தொல்காப்பியர் கையில் கொடுத்தால் அதைப் புல்லோடு சேர்த்திருப்பார்.

இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. பணமாகவே கணக்கில் ஏறும். முழுமரத் தரை கீறினால் இழைத்து மெருகிடலாம். அதை ஒரு வாழ்நாளில் பலமுறை செய்யலாம். மேல்தகடு 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருந்தால் எஞ்சினியர்டு பலகையை ஓரிரு முறை இழைக்கலாம், தகடு 0.6 மில்லிமீட்டர் என்றால் இழைப்புத்தாள் பட்டதும் அடிப்பலகை பல்லிளிக்கும். லேமினேட்டை இழைத்தால் போவது மரமன்று, படம். எனவே சதுர அடி விலையைவிட, ஆண்டுக்கு எவ்வளவு என்ற கணக்கே வாங்குபவருக்கு வேண்டியது. அந்தக் கணக்கைப் போட மேல்தகட்டின் தடிமன் தெரிய வேண்டும். அந்த ஓர் எண் பெரும்பாலும் கேட்டால்தான் சொல்லப்படுகிறது. கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

இரண்டாவது, இடம். மரம் எங்கிருந்தோ வெட்டப்பட்டுத்தான் வர வேண்டும். சிம்லாவில் இன்று இந்திய உயர் ஆய்வு நிறுவனம் இயங்கும் மாளிகை 1888இல் வைஸ்ராய்க்காகக் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உள்மரவேலைகளைக் கண்டு வியக்காத ஆய்வாளர் குறைவு. அந்தத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1885இல், பர்மாவின்மீது பிரித்தானிய இந்தியா தொடுத்த போருக்குக் காட்டப்பட்ட உடனடிக் காரணம் தேக்கு வெட்டிய ஒரு வணிக நிறுவனத்தின்மீது மன்னர் தீபாவின் அரசு விதித்த அபராதம். ஒரு நாடு தன் முடியை இழந்த செலவு எந்தக் கட்டடக் கணக்கிலும் சதுர அடியாக எழுதப்படவில்லை.

அது காலனியக் கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும், கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணையும் உள்நாட்டுக் காடுகளில் வெட்டைக் கட்டுப்படுத்தின. அவை தேவையானவை, போற்றத்தக்கவை. ஆனால் வீடுகளின் பசி குறையவில்லை. அது கடல்கடந்த காடுகளின் பக்கம் திரும்பியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் மரம் வருகிறது. குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் அதன் பெருவாயில். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருளைக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. அறுத்த மரத்தின் வணிகம் தொடர்ந்தது. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. இந்தியா அத்தகைய தடை எதையும் விதிக்கவில்லை. கடையில் 'பர்மா டீக்' என்ற பெயர் இன்றும் மதிப்பு கூட்டும் அடைமொழியாகவே ஒலிக்கிறது. பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பது பலகை தயாரான நாட்டின் பெயர். மரம் வளர்ந்த நாட்டின் பெயர் அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த 1996 ஆணையில் மொழியியலாளர் மறக்கக் கூடாத ஒரு செய்தி இருக்கிறது. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டை முன்னிட்டுத் தொடங்கிய அவ்வழக்கில், 'காடு' என்ற சொல்லை அகராதி தரும் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஆவணத்தில் யார் பெயரில் இருந்தாலும், காடாக இருப்பது காடே. ஒரு சொல்லுக்கு அதன் இயல்பான பொருளைத் திருப்பிக் கொடுத்ததால் நாடெங்கும் எண்ணற்ற அறுவை ஆலைகள் நின்றன. 'காடு' என்ற சொல்லுக்கு அந்த நேர்மை உரியது என்றால், காட்டிலிருந்து வரும் 'மரம்' என்ற சொல்லுக்கு அது ஏன் மறுக்கப்பட வேண்டும்?

மூன்றாவது, ஆள். இதுவே எல்லாவற்றிலும் கனமானது. மேலே கண்ட கணக்கில் போடும் கூலி 9,000 ரூபாய். அரசுக்குச் செல்லும் வரியில் ஏறத்தாழப் பாதி. ஒப்பந்தக்காரரின் பங்கு போக மிஞ்சுவதே பலகையைப் போடுபவர் கைக்குச் செல்லும். ரசீதில் அவர் 'பொருத்துதல்' என்ற சொல்லாக நிற்கிறார். தமிழ் வினைமுற்றில் விகுதியே செய்தவரைக் காட்டிவிடும். 'பொருத்தினார்' என்றால் அங்கே ஒருவர் இருக்கிறார். 'பொருத்துதல்' என்ற தொழிற்பெயரில் வேலை இருக்கிறது, ஆள் இல்லை.

அந்த ஆள் அடுக்ககத்தின் பால்கனியில் குந்தியிருந்து, கையடக்க மின்ரம்பத்தால் பலகையை நாள் முழுதும் அறுக்கிறார். மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. மூக்கும் அதனை ஒட்டிய எலும்புக்குழிகளும் அதற்கு இலக்காகும் உறுப்புகள். மரநார்ப் பலகையை ஒட்டவைக்கும் பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடும் 2004இல் அதே முதல் வகையில் சேர்க்கப்பட்டது. வாங்குபவரின் குழந்தைக்காக 'குறைந்த உமிழ்வு' முத்திரை பெட்டிமேல் ஒட்டப்படுகிறது. அறுப்பவரின் மூக்குக்கு ஒரு நல்ல முகக்கவசம்கூட மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை.

சட்டம் அவரைக் காக்கும் என்று நினைப்பவர்கள் அதன் வரையறைப் பிரிவைப் படிக்க வேண்டும். கட்டடத் தொழிலாளர்களுக்கென 1996இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடங்களுக்கே பொருந்தியது. ஒருவர் தம் சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் செய்துகொள்ளும் வேலையை அது விலக்கி வைத்தது. சதுர அடிக்கு 668 வீதம் 1,000 சதுர அடி வீடு முழுவதற்கும் தரை போட்டாலும் ஏழு லட்சத்தைத் தொடாது. இருவரோ மூவரோ அதை முடித்துவிடுவர். இரு அளவுகோலாலும் அவர்கள் வெளியே. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த 10 லட்சத்தை 50 லட்சமாக உயர்த்தியது. நடுத்தர வர்க்கத்து வீடு ஒன்றின் எந்த உள்வேலையும் இனி அந்த வரம்பைத் தாண்டுவது அரிது. நல வாரியத்தில் பதிய விரும்பும் தொழிலாளி ஆண்டில் 90 நாள் கட்டட வேலை செய்ததற்குச் சான்று காட்ட வேண்டும். நாளுக்கொரு வீட்டில் வேலைசெய்பவருக்கு அந்தச் சான்றில் கையெழுத்திடுபவர் யார்? வீட்டுக்காரர் தம்மை முதலாளி என்று கருதுவதில்லை, கடைக்காரரும் அவ்வாறே. தோன்றா எழுவாயைப்போல முதலாளியும் தொழிலாளியும் வாக்கியத்திலிருந்து ஒருசேர மறைகின்றனர். பயனிலை மட்டும் பளபளக்கிறது.

தரை போட்டு முடிந்தபின்னும் செலவு நிற்பதில்லை. வாளி நீரும் பினாயிலும் கொண்டு தரை துடைக்கப்படும் நாட்டில், இனி பிழிந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது, மேசைக்காலை இழுக்கக் கூடாது என்ற விதிகள் பிறக்கின்றன. அந்த விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டியவர் வீட்டுவேலைக்கு வரும் பெண். ஓரம் உப்பினால் பழி அவருக்கு. ஊதியம் மட்டும் மாறுவதில்லை.

இதற்கு வழக்கமான மறுப்புகள் உண்டு. மரம் புதுப்பிக்கத்தக்க பொருள், கரியைத் தன்னுள் சேமித்து வைப்பது, சிமெண்டையும் சுட்ட ஓட்டையும்விடச் சூழலுக்கு உகந்தது என்பது முதல் மறுப்பு. நல்ல முறையில் வளர்த்து வெட்டிய மரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அந்தப் பெருமையைப் பிசினும் பிளாஸ்டிக்கும் கடன்வாங்கிக்கொள்ள இடமளிப்பது 'மரத்தரை' என்ற விரியாத தொகைதான். சூழலின்மேல் அக்கறை உள்ளவரே முதலில் அதை விரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கல் மட்டும் குற்றமற்றதா என்பது இரண்டாவது. இல்லை. ராஜஸ்தானின் மணற்கல் சுரங்கங்களில் சிலிகோசிஸ் நோய்க்கு நுரையீரலைப் பறிகொடுத்தோர் அதற்குச் சாட்சி. அதனால்தான் இந்த வாதம் மரத்துக்கு எதிரானதாகாது. கல்லுக்கும் ஓட்டுக்கும் இதே கேள்விகள் உரியவை. மரத்தரை அதிக விலைக்கு, இயற்கையின் பெயராலேயே விற்கப்படுவதால் அதனிடம் முதலில் கேட்கப்படுகிறது.

இவ்வளவையும் ஒரு ரசீதில் பிரித்து எழுதுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது மூன்றாவது. இதற்கு அரசே விடை தந்திருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறை தன் விலைவீதப் பட்டியலோடு விலைப் பகுப்பாய்வு நூலையும் வெளியிடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு பொருள், எந்த வகைத் தொழிலாளியின் எத்தனை நாள் உழைப்பு, வண்டிக்கூலி எவ்வளவு, ஒப்பந்தக்காரரின் இலாபமும் மேற்செலவும் எவ்வளவு என்று அதில் இனம் இனமாக விரிக்கப்பட்டிருக்கும். அரசு அலுவலகத்தின் தரைக்கு இயல்வது அடுக்ககத்தின் தரைக்கு இயலாது என்றால், தடை நடைமுறையில் இல்லை, விருப்பத்தில் இருக்கிறது.

ஆகவே வாங்குபவர் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. பலகையின் அடிப்பொருள் எது, மேல்தகட்டின் தடிமன் எவ்வளவு, பிசினின் உமிழ்வுத் தரம் என்ன? மரத்தின் இனம் எது, அது வளர்ந்த நாடு எது? போடும் கூலி எவ்வளவு, அதில் தொழிலாளியின் கைக்குச் செல்வது எவ்வளவு? வாங்குபவர் செய்ய வேண்டியவையும் சில. போடுபவரின் பெயரைக் கேட்டு அறிதல். முகக்கவசத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்தல். அவர் வேலைசெய்த நாள்களை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தல். இவற்றில் எதற்கும் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 50 லட்ச வரம்பை நீக்கக் கோருவது அதன் அடுத்த படி.

இதைத் தொடங்கத் தகுந்த இடம் பல்கலைக்கழகங்களே. கருத்தரங்குக் கூடங்களுக்கும் துணைவேந்தர் அறைகளுக்கும் மரத்தரை போட ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்படுகின்றன. அந்த ஆவணங்களில் மரத்தின் இனம், வளர்ந்த நாடு, தொழிலாளியின் நாள்கூலி என்ற மூன்று வரிகளைச் சேர்க்கச் செய்ய ஆசிரியர் சங்கத்தின் ஒரு தீர்மானமும் மாணவர் பேரவையின் ஒரு மனுவும் போதும். விளிம்புநிலை மக்களின் குரலைப் பற்றி அந்தக் கூடத்தில் கட்டுரை வாசிக்கப் போகிறவர்கள், அந்தக் கூடத்தின் தரையைப் போட்டவர் யார், அவர் கைக்கு எவ்வளவு வந்தது என்ற கேள்வியை ஒப்பந்தப்புள்ளி திறக்கப்படும் முன்பே கேட்டுவிடட்டும்.